பெருமாளுக்கு நேர்ந்துவிட்ட கால்

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை கட்டுகிறான் என்பார்கள்.

டெய்லர் இருந்தான். எங்கள் அரியலூர் ஃபுட்பால் டீமுக்கு அவன்தான் கேப்டன். ஆட்டம் சுமார்தான். ஆனால் பந்து பிரிந்தால் தைக்கிற ஊசி அவனிடம் இருந்தது. அதனால் கேப்டன்.

டீமில் மற்ற எட்டுப் பேர் இருந்தார்கள். நிழல் கிடைத்த இடத்தில் சாய்ந்திருந்தார்கள்.

சுண்ணாம்பு என்று நாங்கள் கூப்பிடுகிறவனின் ஆத்தா இருந்தாள். அவள் யாரோடும் பேசவில்லை.

கோயில்காரர் ஒருவர் இருந்தார். காலையிலிருந்து ஊர் ஜனத்தின் நேர்த்திக்கடனை வாங்கி வாங்கிக் களைத்துப்போனவர்.

பெருமாளுக்கு நேர்ந்துவிட்ட காளை ஒன்று இருந்தது. அதற்கு வேலை எதுவும் இல்லை. எங்களில் தெம்பாக இருந்தது அது ஒன்றுதான்.

கயிற்றுக் கட்டிலில் சுண்ணாம்பு மல்லாந்து படுத்திருந்தான். அவனுடைய இடது கால் மட்டும் கட்டிலுக்கு வெளியே, தராசுத் தட்டில் இருந்தது. மறு தட்டில் கம்பு தானியம். தராசு பிடித்தவன் நான்.

இடம் கல்லங்குறிச்சி. பங்குனி மாசத்து உச்சி வெயில்.

எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. சொந்தக் காலை எடைக்கு எடை கொடுத்து வாங்கிய மனிதன் அவன் ஒருவன்தான். அந்தக் காலை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போய்ப் பந்து விளையாடியவனும் எங்கள் பக்கத்தில் அவன் ஒருவன்தான்.

அப்போது நான் அரியலூர் குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினேன். எடையும் போடுவேன். சாயங்காலம் ஷெட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் ஃபுட்பால். ஓட வேண்டியதில்லை என்று கோல்கீப்பர் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய ரயில் கட்டைகள் இரண்டை நட்டு கோல் போஸ்ட் வைத்திருந்தோம். சாய்ந்து நிற்க வசதி.

டீமைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் வேலை முடித்து வந்தவர்கள். பந்து எங்களைத் தேடி வந்தால் அடிப்போம். நாங்கள் தேடிப் போக மாட்டோம். உலகச் சண்டைக் காலம். பந்துக்குள் போடுகிற பிளாடர் கிடைக்கவில்லை. பழைய பிளாடருக்கே சைக்கிள் ட்யூப் ஒட்டி ஒட்டி, பந்து வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போனது. கூழைக் குடித்துவிட்டு அதை உதைத்தால் பந்தைவிட நாங்கள்தான் அதிக தூரம் போவோம்.

ஓடியவன் சுண்ணாம்பு ஒருவன்தான்.

ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் காளவாயில் கல் போட்டு எரிப்பது அவன் வேலை. ராத்திரி முழுக்க நெருப்பு. பகலில் தூக்கம். சாயங்காலம் பந்து. குளித்துவிட்டு வந்தாலும் வெள்ளையாகத்தான் இருப்பான். இருபத்திரண்டு வயசில் புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. பார்க்கிறவர்கள் கிழவன் என்று நினைத்து வழி விடுவார்கள். அவன் பாட்டுக்குப் பந்தோடு போய்விடுவான்.

அவனைப் பிடித்து இழுக்கவும் முடியாது. இழுத்தவன் கையில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். ரெஃப்ரீ விசிலை ஊதி, எதிர் டீம் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, கையைக் காட்டச் சொல்வார். எவன் கை வெள்ளையோ அவன் ஃபவுல். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. லால்குடி டீம் ஒன்று கையில் கரி பூசிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவர்கள் கை பட்ட எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கறுப்பு. அது இன்னும் வசதியாகப் போனது.

கோடு போடுவதும் அவன்தான். காளவாயிலிருந்து ஒரு சட்டி நீற்றுச் சுண்ணாம்பு கொண்டு வருவான். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையாலேயே கோடு இழுப்பான். காயும் வரை யாரும் மிதிக்கக் கூடாது. ஆட்டம் அரை மணி தள்ளிப்போகும். எங்களுக்குச் சம்மதம்தான். உட்கார்ந்திருப்போம்.

இவ்வளவு ஓடுகிறவன் இடது காலால் மட்டும் பந்தைத் தொட மாட்டான்.

பத்து வயசில் அவனுக்கு நரம்புச் சிலந்தி வந்தது. அந்தக் காலத்தில் குளத்துத் தண்ணீர் குடித்த பாதிப் பேருக்கு அது உண்டு. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, நூல் மாதிரி புழு வெளியே வந்தது. கால் வீங்கிப் புரையோடியது. அப்பன் அதற்கு முன்பே காளவாயில் இருமி இருமிச் செத்துவிட்டான். ஆத்தா கல் சுமக்கிறவள். உள்ளவர்கள் வெள்ளியில் கால் உரு செய்து கோயிலில் போடுவார்கள். அவளுக்கு வக்கு இல்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் போய், கால் பிழைத்தால் அந்தக் காலே உனக்கு என்று வேண்டிக்கொண்டாள். கன்றுக்குட்டியை நேர்ந்துவிடுகிற மாதிரி.

கால் பிழைத்துவிட்டது. அன்றிலிருந்து அது அவன் கால் இல்லை.

டெய்லர் ஒருநாள் கேட்டான். "ஏண்டா, அந்தக் காலால நடக்குற. நிக்குற. பந்த மட்டும் ஒதைக்க மாட்டியா?"

சுண்ணாம்பு யோசித்துச் சொன்னான். "நேர்ந்துவிட்ட மாடு நடக்குது. மேயுது. அத யாராச்சும் ஏருல பூட்டுவாங்களா?"

டெய்லர் ஊசியை எடுத்துக்கொண்டு பந்து தைக்கப் போய்விட்டான்.

பெரம்பலூர் மேட்ச்சைச் சொன்னால்தான் இது விளங்கும்.

பெரம்பலூருக்குக் கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு அடுப்பு இருக்கும். கரி போட்டுக் கிண்டினால் வண்டி ஓடும். மேடு வந்தால் ஓடாது. இறங்கித் தள்ள வேண்டும். வழியில் எத்தனை மேடு என்று எங்களைக் கேட்டால் தெரியும். போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேருக்கு நிற்க முடியவில்லை. சுண்ணாம்பு மட்டும் உற்சாகமாக இருந்தான். பஸ் அடுப்பைக் கிண்டினது அவன்தான். அவனுக்கு அது வீடு மாதிரி.

பெரம்பலூரில் ரெஃப்ரீ ஒரு டிரில் மாஸ்டர். சட்டம் தெரிந்தவர். ஆட்டம் முடியப் போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் போதும் என்று நான் கட்டையில் சாய்ந்திருக்கிறேன். எவனோ அடித்த பந்து தானாக வந்து சுண்ணாம்பின் இடது காலில் பட்டு நின்றது. எதிரே கோல். நடுவில் ஒரு ஆள் இல்லை. வலது காலால் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது.

சுண்ணாம்பு கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான்.

டிரில் மாஸ்டர் ஓடி வந்தார். "என்னய்யா?"

"பட்டுடுச்சுங்க."

"எங்க பட்டுச்சு? கையிலயா?"

"காலுலங்க."

"காலுல பட்டா என்னய்யா? காலுல படத்தானே ஆடுறோம்?"

"இது என் காலு இல்லீங்க."

மாஸ்டர் அந்தக் காலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "பின்ன யாரோடது?"

"பெருமாளோடதுங்க. நான் தோலுப் பந்தத் தொட வுட்டுட்டேன். தப்பு என் மேலதான். அவங்களுக்குக் கொடுத்துடுங்க."

மாஸ்டர் வைத்திருந்த சட்டத்தில் இது இல்லை. ஆனால் தப்பு என்று ஒருவன் தானே ஒப்புக்கொண்டால் தண்டனை தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். பெரம்பலூர்க்காரன் அந்தக் கோடியிலிருந்து அடித்தான். எங்கள் ஆட்கள் யாரும் பந்தைத் தேடிப் போகவில்லை. உள்ளே போனது. நான் சாய்ந்துதான் இருந்தேன்.

திரும்பி வரும்போதும் மேடுகள் குறையவில்லை. ஒரு மேட்டில் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தபோது டெய்லர் சொன்னான். "அந்தக் காலத் தூக்கி உண்டியல்ல போட்டுட்டு வந்திருக்கலாம்ல?" சுண்ணாம்பு கோபிக்கவில்லை. உண்டியல் வாய் சின்னது என்றான்.

சண்டை முடிந்து மறுவருஷம் பினாங்குக் கிராணி வந்தார். ஜயங்கொண்டம் பக்கத்து ஆள். பினாங்குத் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவர். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிரைப் பிடித்தவர். வற்றிப்போயிருந்தார். திருச்சிக்குப் போக ஸ்டேஷனுக்கு வந்தவர், வண்டி லேட் என்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றார். லேட் அதிகம். முழு ஆட்டமும் பார்த்துவிட்டார்.

துறைமுகத்தில் அவர்களுக்கு ஒரு டீம் இருந்ததாம். நம் ஜனங்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் சேர்ந்தது. ஜப்பான்காரன் அதில் ஆறு பேரை சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். ஒருவரும் திரும்பவில்லை. இடது ஓரம் ஆடியவனும் அதில் ஒருவன். சாதாரணமாகத்தான் சொன்னார். நிறைய தடவை சொல்லிப் பழகிய மாதிரி.

பிறகு சுண்ணாம்பைக் கூப்பிட்டார். இடது ஓரத்தில் இப்படி ஓடுகிறவனை அவர் பார்த்ததில்லையாம். கோல் கிட்டே போனதும் ஏன் நின்று, திரும்பி, வலது காலுக்கு மாற்றுகிறான் என்று கேட்டார். அதற்குள் மாட்டுவண்டியே வந்து பந்தை ஏற்றிக்கொண்டு போய்விடும் என்றார்.

சுண்ணாம்பு விஷயத்தைச் சொன்னான். கிராணி சிரிக்கவில்லை. அந்த ஆறு பேருக்காக அவரும் எதையாவது நேர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"முறைப்படி போயி உன் காலத் திரும்ப வாங்கிட்டு வா," என்றார். "வெள்ளிக்கிழமை நான் திருச்சியிலேர்ந்து பகல் வண்டியில மெட்ராஸ் போறேன். இங்க இஞ்சின் தண்ணி புடிக்கிற நேரம் எறங்குவேன். அந்தக் காலாலயே அஞ்சு தடவ அடி. ஒண்ணு உள்ள போனா, உன் பேரு எழுதிக்கிறேன். துறைமுகத்துல வேல. அந்தக் காலு செத்த காலா உயிருள்ள காலான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

கிராணி வண்டியேறிப் போன பிறகு, சுண்ணாம்பு என்னோடு கட்டையில் சாய்ந்து நின்றான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. நானும் இல்லை.

"காளவாயில நாப்பது வயசத் தாண்டி நான் யாரையும் பாத்ததில்ல," என்றான்.

அவனுக்கும் அப்போது இருமல் ஆரம்பித்திருந்தது. கல்லங்குறிச்சிக்குப் போகலாம் என்றேன்.

நேர்ந்துவிட்ட மாட்டை மீட்க வழி உண்டு. ஈடு கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு வரலாம். காலுக்கு என்ன ஈடு? ஆத்தாதான் போய்க் கேட்டு வந்தாள். கோயில்காரர் ரொம்ப நேரம் யோசித்தாராம். காலுக்கு விலை சொல்ல என்னால் ஆகாது, எடைக்கு எடை தானியம் அளந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாராம்.

ரேஷன் காலத்தில் தானியம் கேட்பது லேசு இல்லை. டீமில் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டில் சொல்லியும் சொல்லாமலும் எடுத்து வந்தார்கள். டெய்லர் ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக் கம்பு வாங்கினான். எல்லாம் சேர்ந்து பத்து வீசை, இன்றைய கணக்கில் பதினாலு கிலோ, வந்தது. கோணியில் கட்டியதும் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மூட்டை என்றால் என்னைத்தான் பார்ப்பார்கள். தூக்கிக்கொண்டேன். லீவு போட்டுவிட்டு மூட்டை தூக்கினது அன்றைக்குத்தான்.

வேப்ப மரத்துக் கிளையில் தராசைக் கட்டினோம். முதலில் சுண்ணாம்பைக் கல்லில் உட்கார வைத்து, இடது காலைத் தட்டில் வைக்கச் சொன்னேன். வைத்தான். மறு தட்டில் கம்பு போட்டேன். ஐந்து வீசை. கால் அசையவில்லை. ஏழு. அசையவில்லை. ஒன்பது. பத்தும் போட்டாகிவிட்டது. கோணியை உதறியும் போட்டேன். கால் தரையோடு தரையாக இருந்தது.

மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனுக்கு எடை கண்ணிலேயே தெரியும். அந்தக் கால் பத்து வீசை இல்லை.

"அமுக்குறியா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

"ஏன்?"

"பெருமாளுக்குக் கொறயக் கூடாது."

டெய்லர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாங்கள் குறைத்துப் போடத்தான் வழி தேடுவோம். அவன் காலை யானைக் கால் ஆக்கிக்கொண்டிருந்தான். லேசாக விடு என்று சொல்லிப் பார்த்தோம். விட்டான். தட்டு மேலே போனது. உடனே பயம் வந்து மறுபடி அமுக்கினான். தட்டு ஏறி இறங்கி ஏறி இறங்கி, கம்பு சிந்தியது. சிந்தியதைக் காளை வந்து தின்றது. அதற்கு உரிமை உண்டு. யாரும் விரட்டவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. வேறு தானியத்துக்கு வழி இல்லை.

கடைசியில் ஆத்தாதான் வாயைத் திறந்தாள். "ராத்திரி பூரா காளவாயில நின்னுட்டு வந்திருக்கான். படுக்க வையுங்க."

கட்டில் ஒன்று இரவல் வாங்கினோம். படுக்க வைத்தோம். காலைத் தட்டில் வைத்தோம். தூங்க மாட்டேன் என்றான். தூங்கினால் ஏமாற்றிவிடுவோமாம். ஆத்தா தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் அவன் கண்ணை மூடினாள். இருபது மூச்சுகூட ஆகவில்லை. குறட்டை வந்தது.

தட்டு தானாக மேலே எழும்பியது.

நான் கம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒன்பது. எட்டு. ஏழு வீசையில் முள் நடுவில் நின்றது. சுற்றிப் பார்த்தேன். டீமில் எட்டுப் பேரும் தூங்கிப்போயிருந்தார்கள். டெய்லரும் ஆத்தாவும் காளையும்தான் சாட்சி. கோயில்காரர் வந்து முள்ளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

எழுப்பினோம். ஏழு வீசை என்றதும் அவன் முகம் போன போக்கு. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"அது தூங்குற காலு. ஆடப் போறது முழிச்சிருக்குற காலுல்ல? அதுக்குத் தானே ஈடு?"

எங்களில் யாருக்கும் சண்டை போடத் தெம்பு இல்லை. வெள்ளிக்கிழமை போச்சு என்று நினைத்தேன். கோயில்காரர் கம்பை அள்ளிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"பன்னண்டு வருஷமா பெருமாள் கிட்ட இருந்தது தூங்குற காலுதான்ப்பா. அவர் அதத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். முழிக்க வைக்கிறது உன் வேல."

சுண்ணாம்பு காலைத் தட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். அதை முதல் தடவையாக ஊன்றுகிற மாதிரி ஊன்றினான். மீதிக் கம்பை அங்கேயே இடித்துக் கூழ் காய்ச்சிக் குடித்தோம். அவன் ஆத்தாதான் காய்ச்சினாள். நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் வண்டி வந்தது. இஞ்சின் தண்ணீர் பிடிக்கப் போனது. கிராணி பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தார். சுண்ணாம்பு விடியற்காலையே வந்து கோடு போட்டு வைத்திருந்தான். காய்ந்திருந்தது. நான் கட்டைகளுக்கு நடுவில் நின்றேன்.

முதல் அடி. கால் வேகமாக வந்தது. பந்தைத் தாண்டிப் போனது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாவது அடி குட்ஸ் ஷெட்டுத் தகரக் கூரையில் விழுந்தது. புறா எல்லாம் பறந்தன.

மூன்றாவது பின்னால் போனது. முன்னால் அடித்த பந்து பின்னால் எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள். நான் பார்த்தேன்.

நான்காவது நல்ல அடி. எல்லாருக்கும் மேலே போய் இஞ்சினில் கரி மேல் விழுந்தது. கரி தள்ளுகிறவன் பந்தைத் திருப்பி எறிந்தான். எதற்கு எறிகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டார்கள். விசில் ஊதியது. டெய்லர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஷெட்டு நிழலில் ஆத்தா இருமிக்கொண்டு நின்றிருந்தாள்.

ஐந்தாவது அடி. கால் பந்தில் பட்டது. பட்டது என்றுதான் சொல்ல முடியும். பந்து கிளம்பி உருண்டு வந்தது. குழந்தை தவழ்கிற மாதிரி வந்தது. பக்கத்தில் வந்தது. கோட்டைத் தொட்டது. கோட்டுச் சுண்ணாம்பு கொஞ்சம் கலைந்தது. உள்ளே போனது.

கிராணி என்னைப் பார்த்தார். நான் ஷெட்டுக் கூரையைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பென்சில் எடுத்து, சுண்ணாம்பின் பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, ஓடிப்போய் வண்டியில் ஏறினார்.

டெய்லர் என்னிடம் வந்தான். "குருடன்கூடப் புடிச்சிருப்பான்டா அத."

"அசதி," என்றேன்.

மூன்று மாசத்தில் வேலைக்கு வரச் சொல்லித் தாக்கீது வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல். அரியலூர் ஸ்டேஷனில் அவனை வழியனுப்பினோம். ஒரு தகரப் பெட்டி. உள்ளே வேட்டி, துண்டு, ஒரு பொட்டலம் சுண்ணாம்பு. பினாங்கில் கோடு போடக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று எடுத்துக்கொண்டான்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டான்.

"அன்னிக்கு அத நீ வுட்டுட்டியா?"

அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றால் பெட்டியோடு இறங்கிவிடுவான். மறுநாள் காளவாய்.

"இல்ல. அசதி," என்றேன்.

"அசதிதானே?"

"அசதிதான்."

வண்டி போய்விட்டது. நான் ஷெட்டுக்குப் போனேன். அன்றைக்கு உளுந்து லோடு.

அங்கே போய் அவன் நன்றாகத்தான் ஆடினான். எழுதத் தெரியாதவன். கிராணிதான் அவனுக்காகக் கார்டு எழுதுவார். பூட்ஸ் கொடுத்தார்களாம். காலுக்கு மூச்சு முட்டுகிறது என்று முதல் மேட்ச்சில் கழற்றி லைன் ஓரம் வைத்துவிட்டு ஆடினானாம். அங்கே தினம் மழை. அவன் போட்ட கோடெல்லாம் ஆட்டம் பாதியில் கரைந்துபோகுமாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுசாகப் போட்டுவிட்டு வருவானாம். அங்கேயும் அவனைச் சுண்ணாம்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர்கள் பாஷையில் என்று எழுதியிருந்தது. ஈப்போ, சிங்கப்பூர் என்றெல்லாம் போய் ஆடினான்.

ஒரு போட்டோ வந்தது. பதினொரு பேர் கை கட்டி நிற்கிறார்கள். ஆத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல எம்புள்ள இல்லியே, தம்பி," என்றாள். இடது ஓரத்தில் நிற்பவனைக் காட்டினேன். ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல கறுப்பாக, வாட்டசாட்டமாக ஒருவன். காளவாய் வெள்ளை போன பிறகு அவன் நிறம் அதுதான். பெற்றவளே பத்து வருஷமாக அதைப் பார்க்கவில்லை. கடைசியில் இடது முழங்காலுக்குக் கீழே புழுத் தழும்பைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். போட்டோவை என்னிடம் திருப்பித் தரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அவள் இருமலோடு போய்விட்டாள். கார்டு போட்டோம். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. அதில் எழுத்து ஒன்றும் இல்லை. அனுப்பினவன் பேர் மட்டும்.

மூன்று வருஷம் ஆடினான். பிறகு முட்டி போய்விட்டது. இடது முட்டி இல்லை. வலது. பன்னிரண்டு வருஷம் ஒண்டியாக உழைத்த கால் அல்லவா. அது களைத்துவிட்டது. இடது கால் புதுசு மாதிரி இருக்கிறதாம். துறைமுகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். இருமல் இல்லை என்று எழுதியிருந்தான். ஊருக்கு வருகிறேன் என்று எழுதவில்லை. வந்து என்ன செய்வான்?

அந்தக் கார்டில்தான் கடைசியாக ஒரு விஷயம் சொல்லியிருந்தான். கிராணி அவன் சொன்னது சொன்னபடி எழுதியிருந்தார்.

"இடது காலால போட்ட கோல எண்ணி வச்சிருக்கேன். நாப்பத்தொண்ணு. நீ கல்லங்குறிச்சிக்குப் போயி பெருமாள் கிட்டச் சொல்லிடு. அவர் காலுல்ல? அவருக்குக் கணக்கு வேணும். அரியலூர்ல போட்டத நான் சேக்கல. அது நீ அசதியில வுட்டது."

ஒரு சனிக்கிழமை போனேன். கூட்டம் இருந்தது. கன்றுக்குட்டி, தானியம் என்று ஆளுக்கு ஒன்று கொண்டு வந்திருந்தார்கள். நான் வெறுங்கையோடு நின்றேன். என் முறை வந்தது.

அந்தப் பந்து நேராக என் கைக்கு வந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அசதியே இல்லை. அதை முதலில் சொன்னேன். அவன் சேர்க்காததையும் நீ சேர்த்துக்கொள் என்றேன். பிறகு கணக்கைச் சொன்னேன்.

நாற்பத்திரண்டு.